காய்

பனி இறங்கிவிட்டால்
எங்கள் மைதானத்தில் ஆட்டம் காதுக்கு மாறிவிடும்.
பத்தடிக்கு அப்பால் பந்து தெரியாது.
கத்துகிற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஓட வேண்டும்.
குன்னூரில்
சரியான சொல் பாதி கோல்.

மைக் பிடிப்பவன் நான்.
மற்ற நாளில் வர்க்கி சுடுகிறேன்.

தயாபரன் வீட்டில் இது உதைபந்து.
கண்டியிலிருந்து கப்பலேறியபோது
டிரங்குப் பெட்டியோடு அவன் அப்பா கொண்டுவந்த சொல்.
எனக்குக் கால்பந்து.
"கால் சும்மா நின்னாலும் ஆட்டமாயிருமா?" என்பான்.
"உதைன்னா, வாங்கினதா குடுத்ததா?" என்பேன்.
ஒருநாள் பதில் சொன்னான்:
"தலைமன்னார்ல வாங்கினது. இங்க குடுக்கிறது."
பிறகு நான் அதைக் கேட்பதில்லை.

சொந்த வலைக்குள்ளேயே அடித்தால்
பழைய ஆட்களுக்கு அது சேம்சைடு.
டிவி பார்க்கிற பையன்களுக்கு ஓன் கோல்.
சேம்சைடில் பதினோரு பேரும் தலை குனிவார்கள்,
ஓன் கோலில் ஒருத்தன்.
ஸ்டாப்பர் பேக் பெள்ளன் போன வருஷம் ஒன்று போட்டுவிட்டு
நேரே என்னிடம் ஓடிவந்தான்:
"அண்ணே, மைக்ல சேம்சைடுன்னே சொல்லுங்க."

எதிராளியின் இரண்டு காலுக்கும் நடுவே பந்தை விட்டு
அந்தப் பக்கம் போய் எடுப்பதற்கு
எங்களிடம் ஏற்கெனவே ஒரு பேர் இருந்தது: கவட்டை.
நவ்ஷாத் மொபைலில் இங்கிலாந்து ஆட்டம் பார்த்தான்.
அங்கே அது நட்மெக்.
அர்த்தம் தேடினால் ஜாதிக்காய்.
விழுந்து விழுந்து சிரித்தோம்.
பர்லியார் பண்ணையில் வெடித்து
சிவப்புப் பத்திரியோடு தரையில் கிடக்கிற அதே காய்.
எந்தத் துரை எவன் காலிடுக்கில் இதைக் கண்டான்?
தெரியவில்லை. ஆனாலும் ஒட்டிக்கொண்டது.
ஒரு மழைக்காலம் முழுக்க ஜாதிக்காய்.
அடுத்த சீசனில், கத்துவதற்கு நீளம் என்று
பின்பாதியை வெட்டிவிட்டோம்.
"போட்டான்டா ஜாதி!"

அருவங்காட்டோடு அரையிறுதி.
அறுபதாவது நிமிஷம், பனி.
லெப்ட் அவுட்டில் நாகமுத்து,
முனிசிபல் லைன் வீட்டுக்காரன்,
அன்று ஷூகூட இரவல்.
கோட்டோரமாக வந்து, நின்று, தோளை மட்டும் அசைத்து
பேக்கின் காலிடுக்கில் பந்தை அனுப்பினான்.
அப்படியொரு அழகை நான் பார்த்ததில்லை.
எழுந்து நின்று மைக்கில் கத்தினேன்:

"காட்டிட்டான்யா நாகமுத்து, ஜாதியக் காட்டிட்டான்!"

அவன் நின்றுவிட்டான்.
பந்து அவனில்லாமல் போய்க்கொண்டே இருந்தது.
முகம் தெரியவில்லை.
பேக்கும் அதை எடுக்க ஓடவில்லை என்று
பிறகு சொன்னார்கள்.
நான்கு ஸ்பீக்கரிலும் என் மூச்சு மட்டும்.

ஜெயித்தோம். இரண்டுக்கு ஒன்று.

மறுநாள் கடைக்கு வந்தான்.
கால் கிலோ வர்க்கி.
எப்போதும் கணக்கில் எழுதச் சொல்பவன்
சில்லறையை எண்ணி மேசையில் வைத்தான்.
"அந்தக் காயைத்தான்டா சொன்னேன்" என்றேன்.
"அப்ப காய்னு சொல்லு."

அடுத்த ஞாயிறு காய் என்றேன்.
ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை,
கேட்காமலே மாற்றிக்கொண்டார்கள்.

மூன்று வருஷமாகிறது.
கோத்தகிரியிலும் காய்தான் இப்போது.
வெலிங்டன் பையன் ஒருவன் எனக்கே விளக்கினான்:
கேரம் போர்டில் காய் பாக்கெட்டில் விழுமில்லையா,
அதிலிருந்து வந்ததாம்.
இல்லை, லாரியில் உருளைக்கிழங்கு
சந்து வழியாக நழுவுவது என்று இன்னொருவன்.
இருவரும் சண்டை போட்டார்கள்.
நான் வர்க்கித் தட்டைத் திருப்பி வைத்தேன்.

நாகமுத்துவுக்கு முழங்கால் போய்விட்டது.
லைனில் கொடி பிடிக்கிறான்.
பனிக்குள் யாரோ காய் என்று கத்தும்போது
அவன் எந்த மூலையில் நிற்கிறான் என்று தெரியாது.
மைக்கை வாயிலிருந்து
கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள்கிறேன்.